நிடியா காட்டிய வழி

லிட்டன் எழுதிய ‘பாம்ப்பேயின் கடைசி நாட்கள்’ 1834-ல் வெளிவந்த நாவல். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, பாம்ப்பே நகரம் சாம்பலில் புதையுண்டதுதான் அதன் பின்னணி. நீண்ட வர்ணனைகளும் உபந்நியாசங்களும் நிறைந்த புத்தகம். இன்று பொறுமையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் பூ விற்கும் குருட்டுப் பெண் நிடியாவைப் படித்தவர்கள் மறப்பதில்லை.

சாம்பல் மழையில் பட்டப்பகல் நள்ளிரவாகிவிடுகிறது. கண்ணுள்ளவர்களெல்லாம் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். நிடியாவுக்கு இருட்டு புதிதல்ல. தான் காதலிக்கும் கிளாக்கஸையும், அவன் காதலிக்கும் அயோனையும் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். நல்ல கற்பனை என்றுதான் சொல்லவேண்டும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்பதுதான் இதன் சிறப்பு. பூ விற்று அலைந்த தெருக்கள் அவளுடைய கால்களுக்குப் பாடமாகியிருந்தன. ஆபத்து வருமுன்பே அவள் வழி பழகியிருந்தாள்.

இந்த உண்மையைத் தொட்ட ஆசிரியர், அடுத்த காரியமாக அவளைக் கடலில் தள்ளிவிடுகிறார். கப்பலில் பொழுது விடியும் வேளையில், யாரும் அறியாமல் அவள் தண்ணீரில் இறங்கிவிடுகிறாள். நிறைவேறாத காதலின் சோகம் என்று ரசிகர்கள் உருகலாம். எனக்கென்னவோ, பிழைத்த அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஆசிரியருக்குத் தெரியவில்லை என்றே படுகிறது. பிறரைக் காப்பாற்ற அவள் வேண்டும். அவளும் காப்பாற்றப்பட வேண்டியவள் என்பது கதையின் கணக்கில் வரவில்லை.

இது ஒரு லிட்டனின் குறை மட்டுமல்ல. ஊனமுற்ற பாத்திரம் ஒன்று அற்புதம் செய்யவேண்டும், அல்லது செத்து நம்மை அழவைக்கவேண்டும் என்று கதை எழுதுகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். நிஜமான ஆபத்துகளைப் பார்த்தால், விஷயம் இரண்டுமல்ல என்று புரியும்.

2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில், 78-ஆவது மாடியிலிருந்து மைக்கேல் ஹிங்ஸன் என்ற கண் தெரியாதவர் தம் வழிகாட்டி நாயுடன் படியிறங்கித் தப்பினார். அவசர காலத்தில் வெளியேறும் வழிகளை அவர் முன்பே கற்றுவைத்திருந்தார். நிடியாவைப் போலத்தான். அதே கோபுரத்தின் 69-ஆவது மாடியிலிருந்து, நடக்க முடியாத ஒருவரைச் சக ஊழியர்கள் படிகளில் இறக்கக்கூடிய தனி நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். 1993-ல் அங்கே குண்டு வெடித்த பிறகு வாங்கிவைத்த நாற்காலி அது. 27-ஆவது மாடியில் சக்கர நாற்காலியில் இருந்த மற்றொருவர் உதவிக்காகக் காத்திருந்தார். அவரை விட்டுப் போக மனமில்லாமல் நண்பர் ஒருவரும் உடன் இருந்தார். இருவரும் பிழைக்கவில்லை.

அந்த நண்பரின் அன்புக்கு முன் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் தியாகத்தைப் பாராட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினால், அவர்கள் இறங்குவதற்கு என்ன ஏற்பாடு இருந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

2011-ல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, ஒலிபெருக்கிகள் எச்சரித்தன. காது கேளாதவர்களுக்கு அவற்றால் என்ன பயன்? பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஊனமுற்றோரின் மரண விகிதம் மற்றவர்களுடையதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிறகு தெரியவந்தது. அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை. செய்தியும் வழியும்தான் ஆள் பார்த்துச் சென்றன. உதவி தேவைப்படுகிறவர்களின் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி நிர்வாகமும் தயாரிக்க வேண்டுமென்று 2013-ல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள்.

பட்டியலிலும் நாற்காலியிலும் என்ன கதை இருக்கிறது என்று கேட்கலாம். யார் பெயரை யார் எழுத மறந்தார் என்பதில் ஒரு நாவலுக்கு வேண்டிய மனித சுபாவம் முழுவதும் இருக்கிறது. நிடியாவைக் கரையிறக்கி, அவளுக்கு ஒரு வீடும் புதிய தெருக்களும் கொடுத்திருந்தால், லிட்டன் இன்னும் கஷ்டமான நாவலை எழுதவேண்டியிருந்திருக்கும். அதைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.