விலை ஏறிய மாதத்தில் கேட்ட கேள்வி

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'தி மாம் டெஸ்ட்' (2013) சின்னப் புத்தகம். சாரம் இதுதான்: "என் யோசனை எப்படி?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், அம்மா மாதிரி பாசத்தில் பொய் சொல்லிவிடுவார்கள். அவர்கள் ஏற்கெனவே எதற்குக் காசு செலவழித்தார்கள் என்று கேளுங்கள்.

இதைப் படிக்காமலே 2019 ஆகஸ்டில் நானும் நண்பனும் போடியில் கிளம்பினோம். சிறு விவசாயிக்கான ஏலக்காய் உலர்த்தி. ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. சொந்த ஸ்டோர் இல்லாதவர்கள் அடுத்தவர் ஸ்டோரில் கிலோவுக்குக் கூலி கொடுத்து உலர்த்துகிறார்கள். போடிமெட்டு ஏறிப் போய் கேட்ட இடமெல்லாம், "கொண்டு வாங்க தம்பி, பாத்துக்கலாம்." அந்த மாதம் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாய். நண்பன் கடன் வாங்கினான். மெஷின் ரெடியானபோது விலை ஆயிரத்துக்கும் கீழே. ஒருத்தரும் வாங்கவில்லை.

அப்போதே புத்தகத்தைப் படித்திருந்தால் தப்பித்திருப்போமா? இங்கேதான் எனக்குச் சந்தேகம். "போன வருஷம் எதுக்குச் செலவு பண்ணீங்க?" என்று கேட்டிருந்தால், புது மோட்டார், புது குழாய் என்று உண்மையாகவே சொல்லியிருப்பார்கள். பொய்யே இல்லை. ஆனால் அது விலை ஏறிக்கொண்டிருந்த காலத்துச் செலவு. நடந்ததைக் கேட்டால் போதும் என்கிறது புத்தகம். எந்த விலையில் நடந்தது என்று கேட்கச் சொல்வதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய குறையில்லை. ஏலக்காய்க்காரருக்கு அதுதான் எல்லாமே.

இதே மலையில் நேர்மாறான உதாரணமும் உண்டு. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' ரகம். நட்டால் காய்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று தெரிந்தும், பழைய செடியைப் பிடுங்கிவிட்டு இதை நட்டார்கள். வாய்ப்பேச்சு இல்லை, நிலத்தையே பணயம் வைத்தார்கள். தேவை என்றால் அது.

போன மாதம் ஒரு பெரியவரிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "எண்ணூறு ரூபாய்க்கு வித்த வருஷம் எதை நிறுத்தினீங்க?"

"உரத்தைக் குறைச்சேன். கவாத்து பண்ணலை. ஸ்டோர் கூலியை எப்படிப்பா நிறுத்துறது? காய் அழுகிப் போயிடுமே."

அப்படியென்றால் உலர்த்தும் தேவை நிஜம்தான். மெஷினை அவர் தலையில் கட்ட நினைத்ததுதான் தப்பு. கிலோ கூலிக்கு நாங்களே உலர்த்திக் கொடுத்திருக்க வேண்டும்.

நண்பனிடம் இதைச் சொன்னேன். கடன் இன்னும் முடியவில்லை. மெஷின் இன்னும் ஓடும் என்றான்.