அகத்தின் காயமும் புறத்தின் வரலாறும்: லெக்ரேயின் 'ரெஸ்ரோறேஷன்' பற்றிய ஒரு நோக்கு

1

சமூக அநீதியைப் பாடிய கலைஞன் ஒருவன், ஒரு கட்டத்தில் தன் சொந்தத் துயரையும் தன் கடவுளையும் முதன்மைப்படுத்திப் பாடத் தொடங்குவானாயின் அவனை நாம் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? முற்போக்குத் திறனாய்வு இவ்வினாவுக்கு ஆயத்தமானதொரு விடையைப் பல வேளைகளில் வைத்திருந்தது. அகம் நோக்கித் திரும்புதல் போராட்டத்திலிருந்து விலகுதல். விசுவாசத்திற் புகலடைதல் பிரச்சினைக்குப் புறங்காட்டுதல் என்பதே அவ்விடை. சில கலைஞர்களைப் பொறுத்தவரை அது பொருந்துவதே. ஆயின், அதனை ஒரு விதியாகக் கொள்ளுமிடத்து, அந்த அகம் எதனாற் காயப்பட்டது என்னும் அடிப்படை வினாவை நாம் கேளாமலே விட்டுவிடுகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின ராப் கலைஞரான லெக்ரே 2020 ஓகஸ்ட் 21இல் வெளியிட்ட 'ரெஸ்ரோறேஷன்' (மீண்டும் நிலைபெறச் செய்தல்) என்னும் இசைத்தொகுப்பு, இவ்வினாவை மறுபரிசீலனை செய்வதற்கு நல்லதொரு வாய்ப்பினைத் தருகின்றது. உளச்சோர்வு, விசுவாசத் தளர்ச்சி, ஆதரவாளரின் பகைமை ஆகியவற்றினூடாகச் சில ஆண்டுகளைக் கழித்தபின் அவர் உருவாக்கிய படைப்பு இது. முந்திய தொகுப்புக்களிலும் பார்க்க இது தனிமனித நிலைப்பட்டது. மன்றாட்டின் தொனி மிக்கது. இதனை ஒரு பின்வாங்கலாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முனைவது.

2

கறுப்பின மக்களின் இசை வரலாற்றில் விசுவாசப் பாடலுக்கும் சமூக அனுபவத்துக்குமுள்ள உறவு முதலில் மனங்கொள்ளத்தக்கது. அடிமை முறையின் கீழ்த் தோன்றிய 'ஸ்பிரிச்சுவல்' எனப்படும் ஆன்மீகப் பாடல்களை 1903இல் டபிள்யு. ஈ. பி. டு பொய்ஸ் தமது 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்னும் நூலில் ஆராய்ந்தபோது, அவற்றைத் துயரத்தின் பாடல்களாகவே இனங்கண்டார். கறுப்பின இறையியலாளரான ஜேம்ஸ் கோன் 1972இல் வெளியிட்ட நூலில், ஆன்மீகப் பாடலும் 'புளூஸ்' இசையும் ஒரே வாழ்வனுபவத்தின் இரு வெளிப்பாடுகள் என வாதிட்டார். அவரது நோக்கில், அடிமைகள் பாடிய விண்ணுலகம் வெறும் மறுவுலகக் கனவன்று. மண்ணுலக விடுதலை பற்றிய எண்ணமும் அதனுள் அடங்கியிருந்தது.

துன்பத்தின்பின் விசுவாசத்தைப் பாடுதல் என்பதற்கும் அம்மரபில் முன்னுதாரணம் உண்டு. 'ஜோர்ஜியா ரொம்' என்ற பெயரிற் புளூஸ் இசைத்துவந்த தோமஸ் டோர்சி, 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேர இழந்தார். அத்துயரிற் பிறந்த மன்றாட்டுப் பாடலே பின்னர் 'கொஸ்பல்' எனப்படும் நற்செய்தி இசையின் தலையாய பாடல்களுள் ஒன்றாயிற்று. களியாட்டக் கூடத்தின் தாளத்தையும் ஆலயத்தின் சொல்லையும் அவர் இணைத்தார். தனிமனிதர் ஒருவரின் இழப்பிலே தோன்றிய அப்பாடல், பின்னர் குடியுரிமைப் போராட்டக் காலத்தில் ஒரு சமூகம் முழுவதற்கும் உரியதாயிற்று.

மதம் பற்றிய மார்க்ஸின் 1844ஆம் ஆண்டுக் கருத்தும் இங்கு நினைவுகூரற்பாலது. மதத்தை மயக்கமருந்து என்றார் என்பதோடு நின்றுவிடுவோர், அதே பந்தியில் அவர் அதனைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் துன்பத்துக்கெதிரான கண்டனமாகவும் கண்டதை மறந்துவிடுகின்றனர். பக்தி இலக்கியத்தைச் சமூகவியல் நோக்கில் அணுகிப் பழகிய நமக்கு இந்த இரட்டைத் தன்மை புதியதன்று.

3

இனி, லெக்ரேயின் தனித்துயருக்குக் களமாயமைந்த புறச்சூழலை நோக்குவோம். 1979இல் ஹூஸ்ரன் நகரிற் பிறந்த அவர், தந்தையின் அரவணைப்பின்றித் தாயால் வளர்க்கப்பட்டவர். சிறுபராயத்திலே பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானமையைத் தமது 2016ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் அவரே வெளிப்படுத்தியுள்ளார். பல்கலைக்கழகப் பருவத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தை முழுமையாக ஏற்று, 2004இல் 'றீச் றெக்கோட்ஸ்' என்னும் இசை நிறுவனத்தை நண்பருடன் இணைந்து தொடங்கினார்.

இங்கு சந்தை பற்றிய ஓர் உண்மை முக்கியமானது. அமெரிக்கக் கிறிஸ்தவ இசைத்தொழில் நெடுங்காலமாகவே இரு கூறாகப் பிளவுண்டது. 'கொஸ்பல்' என்பது நடைமுறையிற் கறுப்பினத்தவரின் இசையையும், 'சமகாலக் கிறிஸ்தவ இசை' என்பது பெரும்பாலும் வெள்ளையினத்தவரின் இசையையும் குறிக்கும். கிராமி விருதுப் பிரிவுகளிற்கூட இப்பிளவு நிலைபெற்றிருக்கின்றது. 2012இல் வெளிவந்த 'கிராவிற்றி' (புவியீர்ப்பு) தொகுப்புக்காக லெக்ரே 2013இற் கொஸ்பல் பிரிவில் விருது பெற்றார். 2014 செப்ரெம்பரில் வெளிவந்த 'அனோமலி' (வழமை பிறழ்ந்தது) பொதுச் சந்தைக்குரிய பில்போர்ட் பட்டியலிலும் கொஸ்பல் பட்டியலிலும் ஒரே வேளையில் முதலிடம் பெற்றது. மறுபுறத்தில், அவரது மேடைகளையும் மாநாடுகளையும் நிறைத்தோருட் பெருந்தொகையினர் வெள்ளையினச் சுவிசேஷவாதத் திருச்சபைகளைச் சார்ந்த இளைஞர். வெள்ளையினப் புரவலர்க்குக் கறுப்பினக் கலைஞரொருவர் தம் விசுவாசத்தின் வழியாக ஏற்புடையவரானார் என்பதே இதன் பொருள். அந்த ஏற்புக்கு, எழுதப்படாத நிபந்தனை ஒன்று இருந்தது.

'அனோமலி' வெளிவருவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன், 2014 ஓகஸ்ட் 9இல், மிசூரி மாநிலத்தின் பேர்குசன் நகரில் மைக்கல் பிறவுண் என்ற கறுப்பின இளைஞர் பொலிசாராற் சுட்டுக்கொல்லப்பட்டார். லெக்ரே அதுபற்றிப் பேசினார். அடுத்தடுத்த கொலைகள் பற்றியும் பேசினார். 2016 யூலை 4இல், நாட்டின் சுதந்திர தினத்தன்று, பருத்தி வயலில் நிற்கும் கறுப்பின அடிமைகளின் படமொன்றைப் பகிர்ந்து, 1776இல் தம் முன்னோர் இருந்த நிலையை நினைவூட்டினார். அப்போதுதான் அந்நிபந்தனை வெளிப்பட்டது. பாவத்தையும் மீட்பையும் பாடும்வரை கைதட்டியோர், இனவொடுக்குமுறையைப் பேசியதும் அவர் நற்செய்தியை விட்டு அரசியலிற் புகுந்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டினர். வெள்ளையினச் சுவிசேஷவாதத்துடனான தமது பிணைப்பைத் தளர்த்திக்கொண்டதை 2017இல் அவர் பகிரங்கமாக அறிவித்தார்.

இப்பிரிவின் ஆழத்தை உணர்த்த ஒரு செய்தி போதும். 2008இல் வெளிவந்த 'றெபல்' (கலகக்காரன்) தொகுப்பிலுள்ள 'டோன்ற் வேஸ்ற் யுவர் லைஃப்' (உன் வாழ்வை வீணாக்காதே) என்னும் பாடல், ஜோன் பைப்பர் என்னும் வெள்ளையினப் போதகரின் நூற்றலைப்பையே தன் தலைப்பாகக் கொண்டது. அதே பைப்பர் 2017இல் லெக்ரேயின் விலகல் குறித்துப் பகிரங்கமாக எழுத நேர்ந்தது. தமக்கு விசுவாசத்தின் சொற்களைத் தந்த குடும்பத்திலிருந்தே ஒருவர் வெளியேறுகிறார்; அச்சொற்களை அவர் இனி எவ்வாறு பயன்படுத்துவது? அவரை வருத்திய உளச்சோர்வினை இவ்வினாவிலிருந்து பிரித்து நோக்க இயலாது. 2020 ஒக்ரோபரில் அவர் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பே, மதத்தை இழந்து விசுவாசத்தைக் கண்டடைந்தமை பற்றியதாகும்.

4

இப்பின்னணியில் 'ரெஸ்ரோறேஷன்' தொகுப்பை அணுகும்போது, அதன் முக்கியமான மாற்றம் கருத்திலன்று, கூற்றுமுறையிலேயே நிகழ்ந்திருப்பதைக் காண்கிறோம். தலைப்புக்களே இதற்குச் சான்று. 'உன் வாழ்வை வீணாக்காதே' என்பது ஏவல். முன்னிலையாரை நோக்கிய போதனை. பாடுபவர் கரையேறியவர், கேட்பவர் நீரிற் தத்தளிப்பவர். 2020ஆம் ஆண்டுத் தொகுப்பிலோ 'செற் மீ ஃப்றீ' (என்னை விடுவி) என்கிறது ஒரு பாடல். 'டீப் எண்ட்' (ஆழமான பகுதி) நிலைகுலையும் மனத்தின் விளிம்பைப் பற்றியது. 'ட்றவுண்' மூழ்குதலைப் பற்றியது. ஏவல் இங்கு மன்றாட்டாக மாறியிருக்கின்றது. நீரில் நிற்பவர் இப்போது பாடுபவரே.

2010இல் வெளிவந்த 'றீஹாப்' (மறுவாழ்வு நிலையம்) தொகுப்பை இதனோடு ஒப்பிடல் பயன்தரும். அங்கும் நோயும் குணமாதலுமே மையப்படிமங்கள். ஆயின் அங்கு நோய் என்பது பாவம், நோயாளர் மனிதகுலத்தவர், பாடகர் குணமடைந்து திரும்பிவந்து மருந்தின் பெருமையைக் கூறுபவர். பத்தாண்டுகளின் பின் அதே படிமம் திரும்பவும் வருகையில், மருந்து கூறியவரே படுக்கையிற் கிடக்கிறார். அன்று கோட்பாடாக இருந்த குணமாதல் இன்று உடம்பிலும் மனத்திலும் அனுபவித்தறியப்படுவதாகின்றது. உருவகமாகக் கையாளப்பட்ட நோய் உண்மை நோயாகும்போது, சொல்லுக்கு ஒரு புதிய பொறுப்பு வந்துசேர்கிறது.

ராப் என்னும் வடிவத்தைப் பொறுத்தவரை இம்மாற்றம் எளிதானதன்று. 1973இல் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் வேர்கொண்ட ஹிப்-ஹொப் பண்பாட்டில், பாடுபவரின் 'நான்' பெரும்பாலும் வீறு பேசும் 'நான்'. சமூகத்தால் ஒன்றுமில்லாதவராக ஆக்கப்பட்டோர் தம் இருப்பை உரத்துக் கூறிய வழி அது. அக்குரலிலே தோல்வியைக் கூறுதல் வடிவத்தின் இயல்புக்கே மாறானதாகத் தோன்றலாம். லெக்ரே இச்சிக்கலைப் பிற குரல்களின் துணைகொண்டு கையாள்கிறார். 'ட்றவுண்' பாடலில் ஜோன் லெஜெண்டும், 'செற் மீ ஃப்றீ' பாடலில் வைகே ஒசைறிஸும் இணைகின்றனர். தாளத்தோடு பேசும் குரல் அனுபவத்தை விவரிக்க, இசைத்துப் பாடும் குரல் அவ்வனுபவத்தைப் பிரார்த்தனையாக மாற்றுகின்றது. போதகரின் கூற்றுக்குச் சபை மறுமொழி இசைக்கும் கறுப்பினத் திருச்சபையின் பழைய மரபு இங்கு தொழிற்படுகின்றது எனலாம். 2014இற்குப்பின் தம் சபையை இழந்த ஒருவர், பாடலின் கட்டமைப்பினுள்ளே ஒரு சபையை மீண்டும் கூட்டுகிறார்.

கேர்க் பிறாங்க்ளின் இணைந்துள்ள 'சண்டே மோணிங்' (ஞாயிறு காலை) பாடலும் இவ்வகையில் நோக்கற்பாலது. சனிக்கிழமை இரவின் புளூஸும் ஞாயிறு காலையின் கொஸ்பலும் கறுப்பினப் பண்பாட்டில் நெடுநாளாக எதிரெதிர் வைத்துப் பேசப்படுவன. 1997இல் 'ஸ்ரொம்ப்' என்னும் பாடலின் மூலம் கொஸ்பல் இசைக்குள் ஹிப்-ஹொப்பைப் பரவலாகக் கொண்டுசென்றவர் பிறாங்க்ளின். ராப் கலைஞரொருவர் அவரோடு இணைவது சந்தைப் பெறுமதிக்காக மட்டும் அன்று. வெள்ளையினப் புரவலரின் மண்டபத்திலிருந்து வெளியேறியவர், டோர்சியின் மரபு வந்த வழியே தம் மக்களின் ஆலயத்துக்குத் திரும்புகிறார். விசுவாசம் அப்படியே இருக்கின்றது. அது நிற்கும் தளம் மாறியிருக்கின்றது.

5

இவ்வளவும் கூறியபின், இத்தொகுப்பின் குறைபாட்டையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. காயத்தை இது விரிவாகப் பாடுகிறது. காயப்படுத்திய கரத்தை அதே தெளிவுடன் காட்டவில்லை. பேர்குசனின் பின் நிகழ்ந்தவற்றை அறியாமற் கேட்கும் ஒருவருக்கு, இப்பாடல்களின் துயரம் எந்த மனிதருக்கும் எந்தக் காலத்திலும் நேரக்கூடிய பொதுத்துயரமாகவே தோன்றும். அப்பொதுமை அதன் ஈர்ப்புக்குக் காரணம். அதன் பலவீனத்துக்கும் அதுவே காரணம். குணமாதல் என்பது ஒரு விற்பனைச் சொல்லாகிவிட்ட காலத்தில், வரலாற்றினால் வந்த நோய்க்குத் தனிமனித மருத்துவம் போதுமென்ற எண்ணத்துக்கு இது இடங்கொடுத்துவிடுகின்றது.

இது வெறும் ஊகமன்று. இத்தொகுப்பு வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2020 யூனில், அத்லாந்தாவிற் திருச்சபையொன்று ஒழுங்குசெய்த உரையாடலில் லெக்ரேயும் கலந்துகொண்டார். ஜோர்ஜ் புளொயிட் கொல்லப்பட்டு மூன்று வாரங்கள்கூட நிறைவுபெறாத வேளை அது. அவர் அருகிருக்க, போதகர் லூயி கிக்லியோ, அடிமைமுறையின் விளைவாக வெள்ளையர் பெற்ற அனுகூலத்தை ஆசீர்வாதம் என்னும் சொல்லாற் குறிக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். கண்டனம் எழுந்தபின் அவர் மன்னிப்புக் கோரினார்; தமக்கு அக்கூற்று உவப்பாயிருக்கவில்லை என்பதை லெக்ரேயும் பின்னர் தெரிவித்தார். மீட்பின் மொழி, பெயர் சுட்டாத பொதுமொழியாக நிற்கும்வரை, ஒடுக்குமுறையின் ஆதாயத்தைக்கூட அருளாக அழைக்க அது இடந்தரும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

எனினும், இத்தொகுப்பைத் தனித்து நோக்காது அதன் முன்னும் பின்னும் வைத்து நோக்குதலே பொருத்தமானது. 2017இல் வெளிவந்த 'ஓல் திங்ஸ் வேர்க் ருகெதர்' (அனைத்தும் ஒன்றிணைந்து செயற்படும்) இனப்பாகுபாட்டை வெளிப்படையாகப் பேசியது. 2022இல் வெளிவந்த 'சேர்ச் குளோத்ஸ் 4' (ஆலய ஆடை) தொகுப்பில், 'டீகன்ஸ்ட்றக்ஷன்' (கட்டவிழ்ப்பு) என்னும் பாடல், தமது விசுவாசம் எவ்வாறு தகர்ந்தது என்ற வரலாற்றைத் தெளிவாக எடுத்துரைத்தது. 'ரெஸ்ரோறேஷன்' சொல்லாதுவிட்ட வரலாறு அங்கு சொல்லப்படுகின்றது. 2024இல் அத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. கொஸ்பல் பிரிவிலன்று, சமகாலக் கிறிஸ்தவ இசைப் பிரிவில். அவர் விலகிவந்த உலகத்தின் பெயரைத் தாங்கிய பிரிவிலேயே அவரது குற்றப்பத்திரிகைக்கு மாலை சூட்டப்பட்டது. சந்தை எதனையும் செரித்துக்கொள்ளும் என்பதற்கும், சில உண்மைகள் அச்சந்தையினூடாகவும் ஊடுருவிச் செல்லும் என்பதற்கும் இது ஒருங்கே சான்றாகும்.

ஆகவே, 'ரெஸ்ரோறேஷன்' ஒரு பின்வாங்கலன்று என்பதே நமது முடிவு. போராட்டத்தின் நடுவே காயமுற்ற ஒருவர் காயத்தைக் கட்டிக்கொண்ட இடம் அது. கட்டுவதற்கு அவர் பயன்படுத்திய துணி விசுவாசம் என்பதற்காக அவரைக் குறைகூறுதல் தகாது. அவருடைய முன்னோர்க்கும் அதுவே கையிலிருந்த துணி. காயம் ஆறிவிட்டதாற் போர் முடிந்துவிட்டது என்று அவரோ நாமோ எண்ணினால் மட்டுமே அது பின்வாங்கலாகும். அகத்தைப் பாடும் கலைஞனிடம் நமது திறனாய்வு கேட்கவேண்டிய கேள்வி, நீ ஏன் உன்னைப் பாடுகிறாய் என்பதன்று. உன்னைப் பாடுகையில் உன்னை இந்நிலைக்கு ஆளாக்கியது எது என்பதையும் அறிந்துதான் பாடுகிறாயா என்பதே அக்கேள்வி. 2020இல் லெக்ரே அதற்குப் பாதி விடையைத் தந்தார். மீதிப் பாதிக்கு அவருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.