திரும்பி வரும் டப்பா

ஒரு காலி பால்பவுடர் டப்பா. மூடியின் நடுவிலும் அடியின் நடுவிலும் ஆணியால் ஒவ்வொரு துளை. இரண்டுக்கும் இடையே, உள்ளே நீளவாக்கில் ஒரு ரப்பர் பேண்ட். அது நழுவிவிடாமல் இருக்க வெளியே இரு முனைகளிலும் தீக்குச்சி. ரப்பரின் நடுவே கனமான இரும்பு நட்டு ஒன்றை, டப்பாவின் சுவரில் இடிக்காதபடி தொங்கவிட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. தரையில் உருட்டுங்கள். டப்பா ஓடும், தயங்கும், நிற்கும். பிறகு யாரும் தொடாமலே உருட்டியவரைத் தேடித் திரும்பி வரும்.

சிறு பிள்ளைகளுக்கு ஆற்றலைக் கற்பிக்க இதைவிட அழகான கருவி இல்லை என்பது என் கட்சி. உள்ளே நடப்பது எளிது. டப்பா உருண்டாலும் நட்டு தன் கனத்தால் கீழேயே தொங்குகிறது. அதனால் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. ஓட்டம் முழுக்க முறுக்கில் போய்ச் சேர்ந்ததும் டப்பா நிற்கிறது. முறுக்கு அவிழ, மறுபடி ஓட்டம்.

ஆனால் கருவி பாதிதான். ஆசிரியர் எந்த இடத்தில் வாயைத் திறக்கிறார் என்பதில்தான் மீதிக் கலை இருக்கிறது. டப்பா திரும்பி வந்தவுடன் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என்று விளக்கத் தொடங்கினால் பாடம் அங்கேயே படுத்துவிடும். கைதேர்ந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். டப்பா ஓடிப்போய் நிற்கிற அந்த நொடியில் அதை அசையாமல் பிடித்துக்கொள்வார். பிறகு கேட்பார்: “உருட்டும்போது நான் கொடுத்தேனே, அது இப்ப எங்க இருக்கு?”

வகுப்பு இரண்டாகப் பிரியும். “தீர்ந்துபோச்சு சார்.” “அதான் நிக்குதே, ஒண்ணும் இல்ல.” “இல்ல சார், உள்ள ரப்பர் முறுக்கிக்கிட்டிருக்கு, அதுல இருக்கு.” இந்தப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வமிசம் உண்டு. ஆற்றலைப் பற்றிப் பிள்ளைகள் மனத்தில் வைத்திருக்கும் படங்களை மைக் வாட்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் வகைபிரித்து எழுதினார். ஆற்றல் மனிதர்களுக்குரியது, அசைந்தால்தான் ஆற்றல் உண்டு, அது எரிபொருள் மாதிரி ஒரு சரக்கு என்பவை அவற்றில் சில. நல்ல கேள்வி ஒன்று விழுந்தால் இந்தப் படங்களெல்லாம் தாமாக வெளியே வந்து நிற்கும். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்கு அப்போதே தெரிந்துவிடும். கற்பித்தலும் மதிப்பீடும் ஒரே வாக்கியத்துக்குள் நடந்து முடிகிற இந்த நேர்த்திதான் என்னை மயக்குகிறது.

ரப்பர் என்று சரியாகச் சொன்ன பிள்ளையையும் அவர் சும்மா விடுவதில்லை. “எப்படிச் சொல்ற?” என்பார். மூடியைத் திறந்து முறுக்கை எண்ணச் சொல்வார். வேகமாக உருட்டினால் முறுக்கு கூடுமா, நட்டைக் கழற்றிவிட்டால் திரும்புமா என்று முதலில் ஊகித்து எழுத வைத்து, அப்புறம்தான் உருட்டுவார். புறப்பட்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடும் கிழித்திருப்பார். தானாகத் திரும்பும் டப்பா அந்தக் கோட்டைத் தாண்டினாலும், முதலில் ஓடிய தூரம் அளவுக்கு மறுபக்கம் போகாது. அந்தக் குறைவுதான் இரண்டாவது பாடம். குறைந்தது எங்கே போயிற்று? கொஞ்சம் சத்தமாக, பெரும்பாலும் வெப்பமாக. கையால் தொட்டு உணர முடியாத அளவு வெப்பம் அது. ஆகவே ஒரு கட்டுக்கம்பியைக் கொடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வேகமாக வளைக்கச் சொல்லி, மடிந்த இடத்தைத் தொடச் சொல்வார். பிள்ளைகள் சட்டென்று விரலை எடுப்பார்கள்.

கண்ணுக்குத் தப்பும் இந்த வெப்பத்தைத்தான் 1840களில் ஜேம்ஸ் ஜூல் துரத்திக்கொண்டிருந்தார். மான்செஸ்டர் பக்கத்து மதுவடிப்பாளர் குடும்பத்துப் பிள்ளை அவர். எடைகள் கீழே இறங்க, அவற்றோடு இணைந்த துடுப்புகள் நீரைக் கலக்கும்படி ஒரு கருவி செய்தார். இருபது முறை எடைகளை இறக்கியும் நீர் சுமார் அரை ஃபாரன்ஹீட் டிகிரிதான் சூடேறியது. அந்த அரை டிகிரியை நம்பி அளந்தவரின் பெயர்தான் இன்று ஆற்றலின் அலகு.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் இப்படிக் கற்பிக்கும் கலையின் பெரிய ரசிகர், கறாரான விமர்சகரும்கூட. 1966இல் நியூயார்க்கில் அறிவியல் ஆசிரியர்களிடம் பேசும்போது, ஒரு முதல் வகுப்புப் பாடநூலை எடுத்துக்கொண்டார். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையின் படத்தைப் போட்டு, அதை ஓடவைப்பது ஆற்றல் என்று பதில் சொல்லியிருந்த நூல் அது. ‘ஆற்றல்’ இருந்த இடத்தில் எந்த அர்த்தமற்ற சொல்லைப் போட்டாலும் பிள்ளைக்கு அதே அளவுதான் விளங்கும் என்றார். அதற்கு ஒரு சோதனையும் தந்தார்: புதிதாகக் கற்ற சொல்லைப் பயன்படுத்தாமல் கற்றதைச் சொல்லிப் பார். மேலே டப்பாவைப் பிடித்துக்கொண்ட ஆசிரியர் ‘ஆற்றல்’ என்றே சொல்லாமல் கேட்டதைக் கவனித்திருப்பீர்கள். கால்டெக் கல்விநிலையத்தில் ஆற்றிய விரிவுரைகளில் ஃபெயின்மன் சொன்ன உவமையும் அருமை. ஒரு பையனிடம் 28 கட்டைகள்; தினமும் எண்ணும் அம்மா. குறைந்தால் மூடிய பெட்டியை எடைபோட்டும், குளியல்தொட்டியின் அழுக்கு நீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்தும் 28க்குக் கணக்கை நேராக்குகிறாள். ஆற்றலில் கட்டைகளே கிடையாது, கணக்கு மட்டும்தான் என்று அவர் முடிக்கிற இடத்தில் ஒரு கணம் மலைத்துப்போகிறோம்.

இவ்வளவு நுட்பமாகக் கற்பித்துவிட்டு, தேர்வில் ‘ஆற்றல் மாறாக் கோட்பாட்டை எழுதுக’ என்று கேட்டால் எல்லாம் பாழ். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளோடு தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. அங்கே பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் திறந்திருக்கும்போது மனப்பாடத்துக்கு வேலையில்லை. கேள்வி கேட்பவர்தான் உழைத்தாக வேண்டும்.

அப்படி உழைத்துச் செய்யக்கூடிய கேள்வி ஒன்று, நடுநிலை தாண்டிய பிள்ளைகளுக்கு: பிஸ்கட் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 450 கிலோ கலோரி என்று போட்டிருக்கிறது. 5 கிராம் பிஸ்கட் ஒன்றைத் தின்று, 40 கிலோ எடையுள்ள நீ எத்தனை மாடி ஏறலாம்? ஒரு கிலோ கலோரி ஏறக்குறைய 4,200 ஜூல். ஆகவே பிஸ்கட்டில் சுமார் 94,000 ஜூல். மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மாடிக்குச் சுமார் 1,200 ஜூல். வகுத்தால் கிட்டத்தட்ட 80 மாடி.

கணக்கு பிசகில்லை. ஆனாலும் 80 என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல், ‘ஒரு பிஸ்கட்டுக்கு எண்பது மாடியா?’ என்று சந்தேகப்படுகிற பிள்ளைதான் ஆற்றலைப் புரிந்துகொண்ட பிள்ளை. மாடி ஏறும்போது உடம்பு சூடாகிறதே, வேர்க்கிறதே என்று அது யோசிக்கும். தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்குகின்றன, மற்றது வெப்பமாகிறது என்று நாம் அப்போது சொல்லலாம். விடை சுமார் 20 மாடிக்கு இறங்கும். விடைத்தாள் திருத்துகிறவர் முழு மதிப்பெண்ணை அந்தச் சந்தேகத்துக்கே கொடுக்க வேண்டும். கணக்கு எங்கேயோ விட்டுப்போகிறது என்று மூக்கில் வியர்க்கும் பழக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே ஊட்டிவிட்டால், எரிபொருள் இல்லாமல் ஓடும் இயந்திரம் என்று நாளைக்கு யார் வந்து விற்றாலும் அந்தப் பிள்ளை ஏமாறாது.