95 டிகிரி, சரி. எவ்வளவு அழுத்தி?

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி வந்துகொண்டிருந்தார். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று நோட்டில் குறிப்பார். திங்கள் 88, புதன் 92, வெள்ளி 95. அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போய்விட்டதால் வேறொரு பெண் வந்தார். அவர் எழுதியது 84.

அம்மாவுக்கு முகமே விழுந்துபோச்சு. "ஏப்பா, பதினோரு டிகிரி போயிடுச்சா? எதிர்சேவை பாக்க வாசல் வரைக்கும் நடந்து போவேனா, மாட்டேனா?" அன்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் தானே காலை மடக்கி அழுத்தியிருக்கிறார். மறுநாள் முட்டி வீங்கி, மூன்று நாள் பயிற்சியே நின்றது. ஒரு எண் செய்த வேலை இது.

நான் சாஃப்ட்வேர் ஆள், மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு அளவு திடீரென்று குதித்தால், அளக்கப்பட்ட பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் அளந்த முறையைச் சந்தேகிப்பது எங்கள் தொழில் பழக்கம். இரண்டு பேரையும் விசாரித்தேன். முதலாமவர் தன் கையால் அழுத்தி, அம்மா "போதும்" என்று கத்தும் இடத்தில் அளந்திருக்கிறார். இரண்டாமவர் அம்மாவையே மடக்கச் சொல்லி, நின்ற இடத்தில் அளந்திருக்கிறார். இரண்டுமே சரியான அளவுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயங்கள். நோட்டில் மட்டும் ஒரே கட்டத்தில் ஏறியிருந்தன.

அளக்கும் கருவிக்கு கோனியோமீட்டர் என்று பெயர். கிரேக்கத்தில் 'கோனியா' என்றால் கோணம். அம்மா அதைக் 'கோணமீட்டர்' என்றே சொல்வார், அதுவும் பொருத்தம்தான். பாகைமானியில் இரண்டு ஸ்கேலைப் பூட்டின மாதிரி இருக்கும். நடுப்புள்ளி முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில், ஒரு கை இடுப்புப் பக்க எலும்பை நோக்கி, இன்னொரு கை வெளிக் கணுக்காலை நோக்கி. நேராக நீட்டிய காலைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும் முறையை 1936-லேயே கேவ், ராபர்ட்ஸ் என்ற இருவர் எழுதினார்கள். 1965-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் அதைக் கையேடாகப் போட்டது. 1978-ல் பூன் குழுவினர் சோதித்தபோது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப அளப்பது ஒத்துப்போகும் அளவுக்கு வேறு வேறு ஆட்கள் அளப்பது ஒத்துப்போகவில்லை. எங்கள் வீட்டு நோட்டு அதற்கு உள்ளூர் சாட்சி.

என் விமர்சனம் கருவி மேல் இல்லை. அந்த ஒற்றை எண் மேல்தான். இந்த விமர்சனத்தை என்னைவிட நன்றாகச் செய்தவர் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையில் பேர் வாங்கியவர். 1985-ல் வந்த அவருடைய 'கிளினிகல் மெக்கானிக்ஸ் ஆஃப் தி ஹேண்ட்' என்ற புத்தகத்தில் ஒரு எளிய கேள்வி இருக்கிறது: இந்தக் கோணம் எவ்வளவு விசையில் வந்தது?

அவர் சொல்லும் வழி இது. விரலை மூட்டிலிருந்து தெரிந்த தூரத்தில், தெரிந்த விசையால் இழு. மூட்டிலிருந்து 3 செ.மீ. தள்ளி 200 கிராம் என்றால் திருப்புவிசை 600 கிராம்-செ.மீ. கோணத்தைக் குறி. விசையைக் கூட்டு, மறுபடி குறி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு கிடைக்கும். விசை கூடக் கூடக் கோணமும் கூடினால் திசு இளகிக் கொடுக்கிறது, பயிற்சிக்கு நம்பிக்கை உண்டு. எவ்வளவு இழுத்தாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால், மேலும் அழுத்துவதில் பயன் குறைவு. ஒரே '40 டிகிரி'க்குள் இந்த இரண்டு கதையும் ஒளிந்திருக்க முடியும்.

தொழுநோயில் விரல் உணர்ச்சி போய்விடும். நோயாளி "போதும்" என்று கத்த மாட்டார். வலி என்ற பிரேக் இல்லாத இடத்தில் வேலை செய்த மனிதருக்கு விசையை எண்ணவேண்டிய கட்டாயம் வந்ததில் ஆச்சரியம் இல்லை என்பது என் வாசிப்பு. நமக்குக் கத்த முடிகிறது, அதனால் எண்ணாமல் விட்டுவிட்டோம்.

புத்தகத்தை அப்படியே முழங்காலுக்குத் தூக்கிவர முடியாது என்பதையும் சொல்லணும். விரலின் எடையை மறந்துவிடலாம், காலின் எடையை முடியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால், 90 டிகிரிக்கு முன்னால் புவியீர்ப்பு மடக்க உதவும், அதைத் தாண்டினால் எதிர்க்கும். குப்புறப் படுத்து மடக்கினால் தொடையின் முன்தசை இழுபட்டு எண் குறையலாம். தவிர, கூட்டம் நெரியும் ஓ.பி.யில் ஒரு மூட்டுக்கு நாலு புள்ளி எடுக்க நேரம் ஏது?

"போன்ல ஆப் இருக்கே" என்று நண்பன் சொன்னான். போட்டுப் பார்த்தேன். 91.4 என்று தசமப் புள்ளியோடு காட்டியது. போனில் இருக்கும் முடுக்கமானி புவியீர்ப்புக்கு எதிரான சாய்வைத்தான் அறியும். உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்புவது போன்ற படுக்கைவாட்டு அசைவில் அது குருடு. எவ்வளவு அழுத்தினோம் என்பது அதற்கும் தெரியாது. தசமப் புள்ளியைப் பார்த்ததும் நமக்குத்தான் மரியாதை வந்துவிடுகிறது.

இது வீட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது கோடு. கை கால் குறைபாட்டுக்கான சதவீதக் கணக்கில் மூட்டு அசைவு இழப்பும் சேர்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு, அளந்தவர் எப்படி அளந்தார் என்பது வாழ்க்கைப் பிரச்சினை.

கடைசியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். நோட்டில் மூன்று பத்தி கூடுதலாகக் கிழித்தோம்: யார் மடக்கியது, எந்த நிலையில், எவ்வளவு விசை. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசைக் கணுக்காலில் மாட்டி, பிசியோ தம்பி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தோம். 2 கிலோவில் 90, 4 கிலோவில் 94. கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப 84-உம் பொய் இல்ல, 95-உம் பொய் இல்லையா?" என்றார்.

ஆமாம் என்றேன். அன்றிலிருந்து ராத்திரியில் அழுத்துவதை விட்டுவிட்டார்.