கொடையும் நிபந்தனையும்

வெளிநாட்டு உதவியோடு வந்த நிபந்தனையே இந்திய வேளாண்மையை உயர்த்தியது என வாதிடுவோர் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் கோதுமையைச் சிறிது சிறிதாகவே அனுப்ப இசைந்தார். வேளாண் சீர்திருத்தத்தை அவர் வற்புறுத்தினார். வியத்நாம் போரை இந்தியா குறைகூறியதும் அவருக்குக் கசந்தது. பொள்ளாச்சிப் பகுதியினரான உணவமைச்சர் சி. சுப்பிரமணியம் 1965 நவம்பரில் ரோமாபுரியில் சீர்திருத்தத்துக்கு உடன்பட்டார். அதனை அவர் முன்னரே நாடியிருந்தார்; ஆதலின் அது வேரூன்றியது. போரைப் பற்றிய கண்டனமோ அடங்கவில்லை. 1966 ஜூலையில் மாஸ்கோவில் மீண்டும் ஒலித்தது.

பவுல் அடிகள் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோது, பணத்தைக் கொண்டுசெல்வோரின் நேர்மையில் கண்டிப்பாயிருந்தார் (2 கொரி. 8:20, 21). அக்கண்டிப்பு கொடுப்போர் பக்கத்தது. பெறுவோரின் நாவைக் கட்டுவதன்று. கணக்குக் கேட்பது நீதி. பசியைக் காட்டி இணக்கம் கேட்பது அநீதி.

2022இல் இலங்கை இடருற்றபோது, இந்தியாவே ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவிற்று. இன்று நாமும் கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதிருக்கும்படி இஸ்ரவேலுக்குக் கற்பிக்கப்பட்டது. கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களை நாமும் மறவாதிருப்போமாக.