உளவியல் முதலுதவிக் கைநூலும் முந்தலின் நெடுந்துயரும்

உடலிற் காயமுற்றவருக்கு வைத்தியர் வருமுன் அயலவர் கட்டுப்போடுதல் போன்று, உளம் கலங்கி நிற்பவருக்கும் அயலவரே முதற்றுணையாதல் கூடும் என்னும் கருத்து அண்மைக்காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இக்கருத்தை எளிமையாக விளக்கும் நூல்களுள் ஒன்று, உலக சுகாதார நிறுவனம் வேறு இரு அமைப்புகளுடன் இணைந்து 2011 இல் வெளியிட்ட களப்பணியாளருக்கான உளவியல் முதலுதவிக் கைநூலாகும். மருத்துவக் கல்வியற்றோரும் பின்பற்றத்தக்க மூன்று செயல்களாக அது தன் பொருளை வகுத்துள்ளது: பார், கேள், இணை. புத்தளக் கரையோரத்து முந்தல் பிரதேசத்துக்கு இந்நூல் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

நூலின் தலையாய சிறப்பு அதன் அடக்கமாகும். நடந்ததை விவரிக்குமாறு துயருற்றவரை வற்புறுத்தலாகாது. பொய் வாக்குறுதி அளித்தலாகாது. ஒருவர் கூறியதைப் பிறரிடம் பரப்பலாகாது என அது பலவற்றை விலக்குகின்றது. தமிழ் பேசுவோருக்கு இவ்வறிவுரை பெரிதும் வேண்டப்படுவது. ‘கேள்’ என்னும் சொல் செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிப்பது. ஆதலின் இழவு வீட்டில் “என்ன நடந்தது, எப்படி நடந்தது” எனத் துருவுவதையே உதவியெனப் பயிலுநர் மயங்குதல் எளிது. தேவை யாதென அளவாக வினவிப் பின் பொறுமையுடன் செவிகொடுத்தலே நூல் கருதும் கேட்டல்.

எனினும், மிக அண்மையில் நெருக்கடிக்குள்ளானோருக்கே இம்முதலுதவி உரியதென நூல் தன் எல்லையைத் தானே வரைந்துள்ளது. முந்தலின் துயரோ நெடியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். அவர்களுக்கு இடமளித்த பிரதேசங்களுள் முந்தலும் ஒன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னரும் அம்மாவட்டத்தில் வாழ்ந்த இடம்பெயர்ந்தோருள் 450 பேரை ஆராய்ந்து 2013 இல் வெளிவந்த ஆய்வொன்று, 18.8 வீதத்தினரிடம் பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டதாகக் கூறுகின்றது. உளத்துயர் உடல்நோவாக வெளிப்படும் நிலை 14 வீதம். கடும் மனச்சோர்வு 5.1 வீதம், பேரதிர்ச்சியின் பின்னான உளநோய் 2.4 வீதமே.

இவ்வெண்கள் ‘பார்’ என்னும் முதற்செயலையே சோதனைக்குள்ளாக்குகின்றன. தலையிடி, உடல்நோவு ஆகியவற்றை நூல் குறிப்பிடாமலில்லை. ஆயின், அண்மை அதிர்ச்சியின் விளைவுகளாகவே அவற்றைக் குறிப்பிடுகின்றது. பல்லாண்டுகளாக நெஞ்செரிவுக்கும் தலையிடிக்கும் மருந்து வாங்கிவரும் தாயொருத்தியிடம் ஆறாத இழப்பைக் காண்பதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். அழுபவரை எவரும் காண்பர். அழுகை ஓய்ந்தபின் எஞ்சுவதைக் காண்பதே அரிது.

அவ்வாய்வு கூறும் மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. வேலையின்மை, கைம்மை அல்லது மணமுறிவு, உணவுப் பற்றாக்குறை என்பன உளநோயுடன் தொடர்புற்றிருந்தன. இவையே காரணமெனத் துணிதற்கில்லையாயினும், பசித்திருப்பவரின் சொல்லுக்குச் செவிகொடுத்துவிட்டு எழுந்து செல்லுதல் உதவியாகாது என்பது தெளிவு. நூலின் மூன்றாம் செயல் இங்கேதான் பெருமை பெறுகின்றது. ‘இணைத்தல்’ என்பதனுள் அடிப்படைத் தேவைகளையும் உறவினர் துணையையும் நூல் அடக்கியுள்ளது. ஆதலின் முந்தலில் பயிற்சி பெறுவோர் வைத்தியசாலைக்கு வழிகாட்ட அறிந்தால் மட்டும் போதாது. கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், பள்ளிவாசல் நிருவாகம், உடப்புப் போன்ற ஊர்களிற் கோயில் நிருவாகம் ஆகியோரிடம் எத்தேவைக்கு எவரை அணுகலாம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே இந்நூலைப் பயன்படுத்துவோர் அதன் அடக்கத்தையும் கைக்கொள்ளல் வேண்டும். முதல் நாட்களின் கலக்கத்துக்கு அது நல்ல துணை. முப்பதாண்டுகளைக் கடந்த துயருக்கு அதனையே மருந்தாக நீட்டுவது நூலின் குற்றமன்று, நீட்டுவோரின் குற்றம். முந்தலுக்கு வேண்டுவது இதன் மொழிபெயர்ப்பு மட்டுமன்று, இது முடியுமிடத்தில் தொடங்கும் இரண்டாவது கைநூலுமாகும். அதனை எழுதும் கடன் தமிழறிந்த உளநலத் துறையினருக்கு உரியது.