இ-க்கு இலையா, இட்லியா?

தமிழ்நாட்டில் எந்த அங்கன்வாடிக்குள் நுழைந்தாலும் சுவரில் ஓர் உயிரெழுத்து சார்ட் தொங்கும். அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆடு, இ-க்கு இலை, உ-வுக்கு உரல், எ-க்கு எலி, ஏ-வுக்கு ஏணி, ஒ-வுக்கு ஒட்டகம், ஓ-வுக்கு ஓடம். படங்கள் அச்சகத்துக்கு அச்சகம் கொஞ்சம் மாறும், ஏற்பாடு மாறாது. ஐந்து குறில்களும் தத்தம் நெடிலோடு ஜோடி சேர்ந்து நிற்கும். குழந்தை இதைத் தடங்கலில்லாமல் ஒப்பித்துவிட்டால் உயிரெழுத்து முடிந்தது என்று வகுப்பு மெய்யெழுத்துக்கு நகர்ந்துவிடும்.

அப்படி ஒப்பித்துத் தேறிய குழந்தைதான் இரண்டாம் வகுப்பில் ‘கொடி’யைக் ‘கோடி’ என்று வாசிக்கிறது. ‘பெட்டி’ என்று சொன்னால் ‘பொட்டி’ என்று எழுதுகிறது. கவனம் போதாது, வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்று காரணம் சொல்லிவிடுகிறோம். குறிலைக் கற்பிக்கும் முறையையே ஒருமுறை உரசிப் பார்ப்பதில்லை. அதில் போற்ற வேண்டியவையும் உண்டு, திருத்த வேண்டியவையும் உண்டு.

முதலில் நிறைகள். குறிலையும் நெடிலையும் அருகருகே வைப்பது வெறும் மரபுப் பழக்கமல்ல. மொழியின் அமைப்பை அறிந்து செய்த ஏற்பாடு. தமிழில் அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ ஆகிய ஐந்து ஜோடிகளையும் பிரிப்பது முதன்மையாக நேரம்தான். வாய் ஏறக்குறைய அதே நிலையில் இருக்க, ஒலியின் நீளம் மட்டும் கூடுகிறது. தொல்காப்பியம் இதற்கு அளவே வகுத்தது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம். ஐந்து வயதுப் பிள்ளை தன் உடம்பாலேயே அளந்து பார்க்கக்கூடிய அளவுகோல் இது. கல்-கால், படம்-பாடம், முடி-மூடி, எடு-ஏடு, தொடு-தோடு என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிக் குறிலுக்குக் கையைத் தட்டி உடனே எடுப்பதும், நெடிலுக்குத் தட்டிய கையை இழுப்பதுமாக விளையாடினால் இலக்கணப் பெயர் ஒன்றும் தெரியாமலே குழந்தைக்கு வேறுபாடு பிடிபடும்.

மற்ற மொழிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். ஆங்கில வகுப்பிலும் குறுகிய உயிர், நீண்ட உயிர் என்று பிரிக்கிறார்கள். ஆனால் அங்கே இரண்டுக்கும் வாயின் வடிவமே வேறு; ஒன்றை இழுத்தால் மற்றது வராது. இந்திக் குழந்தை கற்கும் எழுத்து வரிசையில் எகர ஒகரக் குறில்களே இல்லை. தமிழ்க் குழந்தைக்கு ஐந்து ஜோடியும் முழுசாகக் கிடைக்கின்றன. போதாக்குறைக்கு, ஒரு வடிவத்துக்கு ஓர் ஒலி என்ற ஒழுங்கும் பெரும்பாலும் கலையாமல் இருக்கிறது. ஆங்கிலத்தைப் போல ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு உயிராக ஒலிக்கும் தொல்லை இங்கே குறைவு. அ, ஆ என்ற வரிசையே அகராதிக்கும் வழிகாட்டி. ஔவையின் ஆத்திசூடியும் அந்த வரிசையில்தான் தொடங்குகிறது. சிறுவயதில் மனப்பாடமானது கடைசிவரை கூடவருகிறது.

சிக்கல், இவ்வளவு நல்ல அமைப்பை வகுப்பறையில் கையாளும் விதத்தில் இருக்கிறது.

கூட்டாக ஒப்பிப்பதை எடுத்துக்கொள்வோம். முப்பது குழந்தைகள் ஒரே குரலில் ‘க, கா, கி, கீ, கு, கூ’ என்று ராகம் போடும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே தாளம் விழுகிறது. க-வுக்கும் ஓர் அடி, கா-வுக்கும் ஓர் அடி. தாளம் கெடாமலிருக்கக் குறிலை இழுக்க வேண்டும், நெடிலைச் சுருக்க வேண்டும். குறிலையும் நெடிலையும் பிரிக்கும் முதன்மையான வேறுபாடு நேரம் என்றோம். அந்த நேரத்தைத்தான் ராகம் முதலில் அழிக்கிறது. வாய்க்கு வரிசை பழகுகிறது, செவிக்கு வேறுபாடு பழகுவதில்லை.

பழைய எழுத்துப் பெயர்களிலும் இதே கோளாறு. ‘ஆனா ஆவன்னா’ என்றுதான் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிப்பைத் தொடங்கினார்கள். அங்கே ‘ஆனா’ என்பது அகரக் குறிலின் பெயர், ஒலிப்பது நெடில். க ‘கானா’, ப ‘பானா’, ட ‘டானா’. பானா, டானா, இம்மன்னா என்று எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு ‘படம்’ எப்படிக் கிடைக்கும்? அந்தப் பெயர்களை ஒட்டினால் ‘பாடாம்’தான் கிடைக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இது பெரிதாக உறுத்தியிருக்காது. மாணவன் சொல்லை ஏற்கெனவே காதால் கேட்டு மனப்பாடம் செய்திருப்பான். எழுத்துக்கூட்டல் ஒரு சரிபார்ப்புதான். இதுவரை பார்த்திராத வரியைத் தானே வாசிக்க வேண்டிய இன்றைய குழந்தைக்கு அந்தப் பெயர்கள் குறுக்கே நிற்கின்றன. பல பள்ளிகள் அவற்றைக் கைவிட்டது சரியான முடிவு.

இதைவிடப் பெரிய குறை சார்ட்டின் படங்களில் இருக்கிறது. இ-க்கு இலை. குழந்தையின் வீட்டில் அதன் பெயர் ‘எல’. சாப்பாட்டுக்கு எல போடுவார்கள், வாழை எல அறுப்பார்கள். உ-வுக்கு உரல், பாட்டி சொல்வது ‘ஒரல்’. இது கொச்சைப் பேச்சின் தாறுமாறு அல்ல. பேச்சுத் தமிழின் சீரான விதி. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, ஒற்றை மெய்யைத் தாண்டி அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கிவிடும். இடம் எடமாகிறது, விலை வெலையாகிறது, நிறம் நெறமாகிறது, குடம் கொடமாகிறது, உலகம் ஒலகமாகிறது. இடையில் இரட்டை மெய் வந்தாலோ, அடுத்த உயிர் இகர உகரமாக இருந்தாலோ இந்த இறக்கம் நடப்பதில்லை. இட்லி இட்லிதான், உப்பு உப்புதான், கிளி கிளிதான், புலி புலிதான்.

ஆக, இகரத்தை அறிமுகப்படுத்த நாம் தேர்ந்தெடுத்திருக்கும் சொல், குழந்தையின் வாயில் எகரத்தில் தொடங்கும் சொல். உகரத்தின் சொல் ஒகரத்தில் தொடங்கும் சொல். ஒலியைப் பிடித்துக்கொள்ளப் படம் கைகொடுக்க வேண்டும். இங்கே படம் ஒன்றைச் சொல்கிறது, எழுத்து வேறொன்றைச் சொல்கிறது. ஐந்து குறில்களில் இரண்டுக்கு இந்த நிலை.

இதன் விளைவைச் சொல்வதெழுதுதல் நோட்டுகளில் பார்க்கலாம். எலை, எடம், ஒடம்பு, பொட்டி, புள்ளை என்ற சொற்களைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். கடைசி இரண்டும் வேறொரு விதியால் வந்தவை: உதட்டில் பிறக்கும் ப, ம, வ-வை அடுத்து வரும் இகர எகரங்கள், பின்னால் நாக்கு மடங்கும் மெய் வந்தால், பேச்சில் குவிந்து உகர ஒகரங்களாகும். பிடி புடியாவதும் விடு வுடுவாவதும் அப்படித்தான். இந்தக் குழந்தை வீட்டில் கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது; எந்த ஒலிக்கு எந்தக் குறில் என்பதில் பிசகவில்லை. தெரியாதது எழுத்து வழக்கு மட்டும். ‘கொடி’யைக் ‘கோடி’ என்று வாசிக்கும் குழந்தைக்கோ குறில்-நெடில் வேறுபாடே பிடிபடவில்லை. இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்; இரண்டுக்கும் மருந்து வேறு. வகுப்பில் இரண்டுக்கும் கிடைப்பது ஒரே வட்டம், பத்து முறை எழுதி வரும் ஒரே தண்டனை. வட்டம் போட்ட ஆசிரியரே அடுத்த நிமிடம் “எடம் மாறி உக்காரு” என்கிறார்.

பள்ளி எழுத்துத் தமிழைத்தானே கற்றுத்தர வேண்டும், ‘இலை’ என்று தெரிந்துகொள்ளட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘இலை’ கட்டாயம் வர வேண்டும். எப்போது என்பதுதான் பிரச்சினை. இகர ஒலி எது, எகர ஒலி எது என்று செவி பிரித்தறியும் முன்பே இரண்டும் மோதும் சொல்லைக் கொடுப்பது முறையல்ல. இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல் ஆகியவற்றால் ஒலியை ஊன்றிவிட்டு, பிறகு “வீட்டுல எல-ன்னு சொல்றோம், எழுதும்போது இலை” என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கு இரண்டு தமிழும் கிடைக்கும். வீட்டுப் பேச்சு தவறு என்ற எண்ணமும் உள்ளே நுழையாது.

அடுத்த குறை, உயிரெழுத்தின் தனி வடிவத்துக்கு நாம் தரும் மிகையான இடம். அளபெடை போன்றவற்றை விட்டுவிட்டால் அ, இ, உ, எ, ஒ என்ற வடிவங்கள் சொல்லின் முதலில் மட்டுமே வரும். மற்ற எல்லா இடத்திலும் குறில், மெய்யோடு கூடி உருமாறித்தான் வரும். அப்படி 90 உயிர்மெய்க் குறில்கள். அவற்றில் ஐந்து குறில்களும் ஐந்து விதமாகக் குழந்தையைச் சோதிக்கின்றன. அகரத்துக்கு அடையாளமே இல்லை. புள்ளி இல்லாமையே அகரம். புள்ளியைக் கவனிக்காத குழந்தை ‘பட்டம்’ என்பதில் அகரத்தை இல்லாத இடத்திலும் போட்டு வாசிக்கும். இகரத்துக்கு ஓரளவு ஒழுங்கான குறி. உகரம் கு, சு, து என்று இனத்துக்கு ஒரு வடிவம் எடுக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தம் றா, னை, ணொ போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியபோதும் உகர வரிசையைத் தொடவில்லை. எகரத்தில் ஒலி பின்னால் வர, குறி முன்னால் நிற்கிறது: கெ. ஒகரத்தில் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யை நடுவில் வைத்துக்கொள்கிறது: கொ.

இந்தக் கடைசி இரண்டில் குறிலையும் நெடிலையும் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி மட்டுமே. பழைய காலத்தில் அதுவும் இல்லை. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. இடம் பார்த்துத்தான் குறிலா நெடிலா என்று படித்தவர்கள் முடிவுசெய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் இந்த மயக்கத்தைத் தீர்த்தது. மொழி தெரிந்த புலவருக்கே தேவைப்பட்ட அடையாளத்தை, வாசிக்கத் தொடங்கும் குழந்தை தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று நாம் விட்டுவிடுகிறோம். உயிரெழுத்து சார்ட்டில் பல வாரங்கள் செலவாகின்றன. கெ-கே, கொ-கோ வேறுபாடு பதினெட்டு வரிசை அட்டவணைக்குள் அவசரமாகக் கடந்துபோகிறது.

மாற்று முயற்சிகள் வராமலில்லை. வரிசையைக் கலைத்து, எழுத எளிய ட, ப, ம போன்றவற்றை முன்னால் கொண்டுவந்து, பன்னிரண்டு உயிரும் முடியக் காத்திராமல் ‘படம்’, ‘பட்டம்’ என்று சொற்களை வாசிக்கவைக்கும் முறை நல்ல முன்னேற்றம். அகரக் குறிலையும் புள்ளியையும் அது முதல் வாரத்திலேயே நேருக்கு நேர் வைக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், கூட்டு ஒப்பித்தலிலிருந்து குழந்தையை விடுவித்து அட்டையோடு தனியாக உட்காரவைத்தது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்து, பின்தங்கியவரை அவர் நிற்கும் இடத்திலேயே சந்திக்க முயன்றது. இவை வரிசையையும் வேகத்தையும் சரிசெய்யப் பார்த்தன. பேச்சொலிக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி மட்டும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

இன்னொரு பக்கம், ஆங்கில ஃபோனிக்ஸ் முறையை அப்படியே பெயர்த்து வந்து ‘க் + அ = க’ என்று முதல் நாளே பிரித்துக் காட்டும் ஆர்வமும் பெருகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் எழுத்தின் கண்ணுக்குத் தெரியும் அலகு ‘க’. அதைப் பிளப்பது ஐந்து வயதில் செவிப்பயிற்சி ஆகாது, இலக்கணப் பாடமாகத்தான் ஆகும். இதே அமைப்புள்ள கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்து சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துத் தொகுதி முழுவதும் கைவரப் பல ஆண்டுகள் பிடிப்பதையும், தனியொலிகளைப் பிரித்தறியும் திறன் மெதுவாகவே வளர்வதையும் காட்டியது. ஆகவே க-கா, கெ-கே, கொ-கோ என்று முழு எழுத்துகளை எதிரெதிரே நிறுத்திக் கேட்கவைப்பதுதான் நம் எழுத்துக்குப் பொருந்தும். பிளந்து காட்டுவது பின்னால் தானே வரும்.

மொத்தத்தில், குறிலையும் நெடிலையும் ஜோடியாக வைத்த மரபு சரி. அந்த ஜோடியைக் காதுக்குக் கொண்டுசெல்லாத பழக்கம் தவறு. திருத்தச் செலவும் அதிகமில்லை. சார்ட்டில் இலைக்குப் பதில் இட்லி, உரலுக்குப் பதில் உப்பு. ராகத்துக்குப் பதில் கைதட்டி அளக்கும் மாத்திரை. சிவப்பு வட்டம் போடுமுன், இது வீட்டுப் பேச்சு எழுத்தில் ஏறியதா, குறில்-நெடில் பிடிபடாததா என்று ஒரு கேள்வி. தேர்விலும் மாற்றம் வேண்டும்: பன்னிரண்டு உயிரையும் சொல் என்று கேட்பதை விட்டு, கொடி-கோடி, கெடு-கேடு என்று வாய்விட்டுச் சொல்லி எது எந்த அட்டை என்று எடுக்கச் சொல்ல வேண்டும். அதில் தேறிய குழந்தைக்கு உயிரெழுத்து வரிசை இரண்டு வாரம் தாமதமாக மனப்பாடமானாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.